கல்விக்குப் புகலிடம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியச் சுவை சொட்டச் சொட்டப் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்திருக்கிறோம். இவ்வாண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங் கழிக்கும் எம்மைப் பேசுமாறு பணித்துள்ளனர். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியை விட்டு நீங்கியவர் யாம். கல்லூரியின் உட்புறத்தைத் தேர்வு மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாள்களிலன்றிக் கண்டதில்லை. அத்தகையவர் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசத் துணிவதா என்று சிலர் முறுவல் கொள்ளலாம். கொள்ளட்டும். பந்தியில் இடங்கிடையாது திரும்பியவனுக்கன்றோ இலையின் அருமை தெரியும்!

இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் இது: போரினால் படிப்பு இடைநின்ற மாணவர்க்கும், கற்பித்த இடமும் நூலகமும் இழந்த ஆசிரியர்க்கும் பிறநாட்டார் தம் கல்விக்கூடங்களில் இடங்கொடுத்தல். பாலஸ்தீன மாணவர்களைக் குறித்து இப்போது உலகெங்கும் இப்பேச்சு நிகழ்கிறது. அதனைத் தொட்டுத் தொடங்கி, நம் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்வதே எம் கருத்து.

காசா என்னும் நிலப்பகுதி நம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அச்சிறு நிலத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். 1978-இல் தோன்றிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம், 1991-இல் தோன்றிய அல்அஸ்ஹர் பல்கலைக்கழகம் முதலாகப் பல உயர்கல்வி நிலையங்கள் அங்கு இருந்தன. வேறு செல்வம் இல்லாத மக்கள் கல்வியையே செல்வமாகக் கொண்டிருந்த காலம் அது. நம் நாட்டு அரசு அளித்த நன்கொடையால் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் ஜவாஹர்லால் நேரு பெயரால் ஒரு நூலகமும், டெயிர் அல்பலா என்னும் ஊரின் தொழில்நுட்பக் கல்லூரியில் மகாத்மா காந்தி பெயரால் ஒரு நூலகமும் எழுந்தன. இந்தியக் கலாசார உறவுக் கழகத்தின் உதவித்தொகையில் பாலஸ்தீன மாணவர்கள் பல்லாண்டுகளாக இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து பயின்றும் இருக்கின்றனர். ஆதலின் அவர்கள் நமக்கு முற்றும் அயலார் அல்லர்.

2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலில் நடத்திய கொடிய தாக்குதலையும், அதனைத் தொடர்ந்து காசாவின்மேல் இஸ்ரேல் தொடுத்த போரையும் நீவிர் அறிவீர். அரசியலை அலசுவது இம்மேடையின் வேலையன்று. கல்விக்கு நேர்ந்ததை மட்டும் சொல்வோம். 2023 டிசம்பரில், இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் பௌதிகப் பேராசிரியருமான சூஃபியான் தாயே குடும்பத்தாரோடு குண்டுவீச்சில் மாண்டார். சில நாள்களுக்குள் அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃபாத் அல்அரீரும் மாண்டார். 2024 சனவரியில் அல்இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர் சிலர் விடுத்த அறிக்கையில், அதுகாறும் மாண்ட மாணவர் 5,479 பேர், பள்ளியாசிரியர் 261 பேர், பல்கலைக்கழகப் பேராசிரியர் 95 பேர் என்று கணக்குக் காட்டினர். பள்ளிக் கட்டடங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிதைந்தோ அழிந்தோ போயின என்றும் கூறினர். பின்னர் அக்கணக்கு மேலும் வளர்ந்தது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. இடிந்த வகுப்பறை அதனால் எழுந்துவிடவில்லை.

எழுத்தர் வேலை பார்க்கும் எமக்கு இவ்விடத்தில் வேறொரு கவலையும் எழுகின்றது. ஒரு பல்கலைக்கழகம் தகர்ந்தால் சுவர் மட்டுமா விழுகிறது? மதிப்பெண் பேரேடு எங்கே? முத்திரை எங்கே? கையொப்பம் இடவேண்டிய பதிவாளர் எங்கே? மூன்றாண்டு பயின்று நான்காம் ஆண்டில் நின்ற ஒரு மாணவி அயல்நாட்டுக் கல்லூரி ஒன்றிற்கு விண்ணப்பம் விடுக்கிறாள் என்று கொள்வோம். மூலச் சான்றிதழ் கேட்பார்கள். ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்வார்கள். தேர்வு மையமே ஊரில் இல்லை. கைரேகை பதிக்கத் தூதரகத்துக்கு வரச் சொல்வார்கள். எல்லை வாயில் அடைத்திருக்கிறது. விண்ணப்பக் கட்டணத்தை அட்டை வழியாகச் செலுத்தச் சொல்வார்கள், வங்கியே இல்லை. இடம் தந்தோம் என்று கடிதம் வந்த பின்னரும், இத்தனை நாளுக்குள் வந்து சேராவிடில் இடம் இரத்து என்று மறுகடிதம் வரும். இரக்கமில்லாமையால் இவை நிகழ்கின்றன என்று சொல்ல மாட்டோம். அமைதிக் காலத்துக்கென்று வகுத்த விதி, அழிவுக் காலத்திலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

எம் துறையில் ஒரு முறை உண்டு. வெள்ளத்தால் தண்டவாளம் அரிக்கப்பட்டு வண்டி சுற்றுவழியாகத் திருப்பிவிடப்பட்டால், கூடுதல் தொலைவுக்குப் பயணியிடம் கூடுதல் கட்டணம் கேட்பதில்லை. அவர் கையிலிருக்கும் சீட்டு செல்லும். பாதை உடைந்தது பயணியின் பிழையன்று என்பதை இருப்புப்பாதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கல்வித் துறையாரும் இதனை ஒப்புக்கொண்டால் போதும்: படித்த பாடம் படித்ததே, மிச்சத்தை வேறு ஊரில் படிக்கலாம்.

அவ்வாறு ஒப்புக்கொண்டவர் உலகில் இல்லாமல் இல்லை. 1933-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி ஏறியதும், யூதர் என்றும் மாற்றுக் கொள்கையர் என்றும் குற்றஞ்சாட்டிப் பேராசிரியர்களைப் பதவியினின்று நீக்கினர். இலண்டன் பொருளியல் பள்ளியின் தலைவராயிருந்த வில்லியம் பெவரிட்ஜ் அப்போது வியன்னா நகரில் இருந்தார். நீக்கப்பட்டோர் பட்டியலைச் செய்தித்தாளில் கண்டவர், ஊர் திரும்பியதும் நண்பரைக் கூட்டினார். அப்பள்ளியின் ஆசிரியர்கள் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வந்தனர். அவ்வாண்டு மே மாதத்திலேயே அறிஞர் உதவிக் கழகம் ஒன்று பிறந்தது. அணுவியல் மேதை ரூதர்போர்டு அதன் தலைவரானார். அக்டோபர் 3-ஆம் நாள் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த நிதிக் கூட்டத்தில் ஐன்ஸ்டைனே பேசினார். அக்கழகத்தின் உதவி பெற்றோரில் பதினாறு பேர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றனர் என்பது வரலாறு. பெயர் மாறி மாறி அக்கழகம் இன்றளவும் நடக்கிறது.

பெரியவர் பெயர்களைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அக்கழகத்தின் உயிர்நாடி எஸ்தர் சிம்சன் என்னும் ஓர் அம்மையார். லீட்ஸ் நகரில் குடியேறிய யூதக் குடும்பத்திற் பிறந்தவர்; கழகத்தில் செயலாளர் வேலைக்கு வந்தவர். எந்த ஊரில் எந்தத் துறையில் ஓர் இடம் காலியிருக்கிறது, எந்த அறிஞர் எந்த ஊரில் பசியோடு காத்திருக்கிறார் என்று கோப்பு வைத்துக்கொண்டு, கடிதத்தின்மேல் கடிதம் எழுதி இரண்டையும் பொருத்திவைப்பதே அவர் தொழில். பல்லாண்டுகள் இதே தொழில். உதவி பெற்றோரைத் தம் பிள்ளைகள் என்றே அவர் சொல்லிவந்தார். எழுத்தர் மேசையை இழிவாய் எண்ணும் நம் இளைஞர் சிலர் இவ்வம்மையாரை நினைவிற் கொள்ளுதல் நலம். எம் போன்றோர்க்கும் இது சற்றே மார்பை நிமிர்த்தும் செய்தி. மறைப்பானேன்!

இனி நம் நாட்டுக் கதை ஒன்று. இதனை விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் நம் பெருமையும் இருக்கிறது, சிறுமையும் இருக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். ஜெர்மனி தன் அறிஞர்களைத் துரத்துகின்ற செய்தி அவருக்கு வேறுவிதமாகப் பட்டது. அவர்கள் வீசுகின்ற மணிகளை நாம் ஏன் பொறுக்கிக்கொள்ளக் கூடாது என்று எண்ணினார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை நடத்தி, யூதராகப் பிறந்த குற்றத்துக்காக நீக்கப்பட்டவர் மாக்ஸ் பார்ன். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்திருந்தது நிலையான வேலையன்று. இராமன் அழைக்க, 1935-ஆம் ஆண்டின் இறுதியில் பார்ன் தம் மனைவியாரோடு பெங்களூர் வந்து சேர்ந்தார். ஆறு திங்கள் அளவு தங்கிக் கற்பித்தார். அவரை அங்கேயே நிலையான பேராசிரியராக்கிவிட வேண்டும் என்று இராமன் முயன்றார். கழகத்தின் கூட்டத்தில் பார்னையும் அமரவைத்துக்கொண்டே அவருடைய தகுதிகளை விரித்துரைத்தார்.

அப்போது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, தன் நாட்டாராலேயே தள்ளப்பட்ட இரண்டாந்தர அயல்நாட்டார் ஒருவர் இக்கழகத்துக்குத் தகார் என்னும் பொருள்படப் பேசினார். பார்ன் தம்பதியர் முன்னர் அன்பு காட்டியிருந்தவரும் அவரே என்பது இதிலுள்ள விந்தை. வீடு திரும்பி மனைவியிடம் இதனைச் சொன்னபோது தாம் அழுதுவிட்டதாகப் பார்ன் பிற்காலத்தில் எழுதிவைத்தார். வேலை கைகூடவில்லை. அவர் ஊர் திரும்பினார்; 1936-இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கிக்கொண்டது. அங்குப் பதினேழாண்டு கற்பித்தார். 1954-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இராமனோ, 1937-இல் தம் இயக்குநர் பதவியையே விட்டு விலக நேர்ந்தது.

பெங்களூர் அன்று இழந்தது ஒரு மனிதரையா, ஒரு தலைமுறையையா என்று கணக்கிட எமக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் எம் சிற்றறிவுக்குப் படுகின்றது. புகல் கேட்டு வருபவன் தோற்றுப்போனவன், தோற்றவன் தரங்குறைந்தவன் என்னும் எண்ணம் படித்தவர் நெஞ்சிலும் ஒளிந்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து பேசியவர் ஒருவர். பேசாமல் அமர்ந்திருந்தோர் எத்தனை பேரோ!

அன்பர்களே! அயலூர்க் கதை போதும். நம் ஊருக்கு வருவோம். கல்விக்குப் புகலிடம் தேடி ஊர்விட்டு ஊர் போவது நம் திருவிதாங்கூர் மண்ணுக்குப் புதிதன்று. திருவனந்தபுரம் பேட்டையில் 1863-இல் பிறந்த டாக்டர் பல்ப்பு அவர்களுக்கு, ஈழவ குலத்தில் பிறந்தமையால் இங்குள்ள மருத்துவ வகுப்பில் இடம் மறுக்கப்பட்டது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று பயின்றார். தேறி வந்தபின் இவ்வரசு வேலையும் மறுத்தது. மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. மேற்படிப்புக்குச் சீமைக்கும் அனுப்பிவைத்தது. பெங்களூரில் கொள்ளைநோய் பரவியபோது உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் அவர். இந்த மண்ணின் பிள்ளையால் பயன் பெற்றது அந்த மண். நம் நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் புலையர் குலத்துச் சிறுமியை அய்யங்காளி பள்ளியில் அமர்த்தியதற்காகப் பள்ளிக்கே தீவைத்தனர். நூறாண்டுக்கு முந்திய செய்தி. தீயில் எஞ்சிய இருக்கை ஒன்றை அங்கு இன்றும் காத்து வைத்திருக்கின்றனர். அவ்விருவர் பெயரும் பள்ளிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பேருந்துக் கட்டணம் பெரிதன்று.

ஏன், நாமே யார்? பலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் தறி நெய்வோரின் முன்னோர் பாண்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை இப்பால் நின்றது. களியக்காவிளைச் சந்தைக்கு நடந்து போய்வந்த குடும்பங்களுக்கு நடுவே ஒரு மாநில எல்லை வந்து அமர்ந்தது. பிழைப்புக்காகப் பின்னர் வந்து சேர்ந்தோர் நம்மில் பலர். வந்தோரை இம்மண் ஏற்றுக்கொண்டது. நாமும் இங்கே ஒரு சங்கம் கண்டோம். நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயிலில் நிற்கும் அம்மச்சிப் பிலாவின் பொந்தில் மார்த்தாண்டவர்மர் பகைவரிடமிருந்து ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது இவ்வூர்க் குழந்தையும் அறிந்த கதை. அரசனுக்கே ஒரு மரப்பொந்து தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது எல்லைக்கு அப்பால் பார்ப்போம். களியக்காவிளையை அடுத்த கோழிவிளையில் ஒரு முகாம் இருக்கிறது. மார்த்தாண்டத்தை அடுத்த ஞாறான்விளையில் ஒன்று இருக்கிறது. பழவிளையில் ஒன்று, பெருமாள்புரத்தில் ஒன்று. இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழர் வாழும் முகாம்கள் இவை. நம்மில் எத்தனை பேர் அங்குச் சென்றிருக்கிறோம்?

அவர்கள் வந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக நுழைவுக்குத் தரப்படுத்தல் என்னும் முறை வந்தது. தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றாலன்றி மருத்துவம், பொறியியல் வகுப்புகளில் சேர இயலாதாயிற்று. கல்வியையே தொழிலாகக் கொண்ட யாழ்ப்பாணத்தார்க்கு அது நெஞ்சில் விழுந்த அடி. 1981 மே இறுதி, சூன் முதல் நாளிரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் மக்கள் படகேறத் தொடங்கினர். அன்றுமுதல் தமிழகம் வந்தோர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்.

அதற்கு முன்னரே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஈழத்துக்கும் நெருங்கிய உறவு இருந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்த அடிகள். தனிநாயக அடிகள் தமிழ் பயின்றதும் அங்கேதான். கொடுத்து வாங்கிய உறவு அது, ஒருதலை உதவியன்று.

1983-க்குப் பின் வந்த பிள்ளைகளுக்குத் தமிழகம் பள்ளிக் கதவைத் திறந்தது. மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்லூரிகளிலும் அவர்க்கெனச் சில இடங்களை அரசு ஒதுக்கியது. தந்தை செல்வா என்று மக்கள் போற்றிய செல்வநாயகம் அவர்களின் மைந்தர் சந்திரகாசன், 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைச் சென்னையில் நிறுவினார். அரிசியும் துணியும் எவரும் கொடுப்பர். அக்கழகத்தார் முகாம்களில் மாலை வகுப்பு நடத்துவதிலும், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதிலும் கருத்தூன்றினர். ஏதிலியரே ஏதிலியர்க்கு ஆசிரியராயினர்.

1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொலையுண்டார். அக்கொடுஞ்செயலின் பழி முகாமில் கிடந்த குழந்தைகள்மீதும் விழுந்தது. உயர்கல்வி ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வருவதும் தடைப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துக் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாயிலில் நின்ற பிள்ளைக்கு, பின்னர்த் திறந்த கதவால் என்ன பயன்? வயது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அன்று பதினெட்டு வயதிலிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே முகாமில் படிக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்குத் திட்டம் அறிவித்து, வீடுகளைப் புதுப்பிக்கவும் கல்வி உதவித்தொகையை உயர்த்தவும் முனைந்தது. அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என்றும் மாற்றியது. நன்று; பாராட்டுவோம். ஆயினும் படிவத்தில் நாட்டுரிமை என்னும் கட்டம் மாறவில்லை. இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டுப் பள்ளியிலேயே பயின்று, நாட்டுரிமை இன்றி நிற்கும் இளைஞர் பலர். 2019-இல் இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. பட்டம் பெற்ற பின்னும் அரசு வேலைக்கு மனுப்போட முடியாது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் இடங்கொடுத்தாலும் கடவுச்சீட்டு எங்கே என்ற கேள்வி எழும். பொறியியல் பட்டதாரி சுவருக்கு வண்ணம் அடிக்கப் போகிறார். அத்தொழிலில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அதற்காகவா அவர் தாயார் தாலியை அடகு வைத்தார்?

இவ்விடத்தில் ஒரு வினா எழும். போர் நடக்கும் இடத்திலிருந்து படித்தவர்களையெல்லாம் வெளியே அழைத்துக்கொண்டால், அந்நாட்டை எழுப்புவார் யார்? நியாயமான வினா. காசாவின் பேராசிரியர்களும் பல்கலைக்கழக நிருவாகிகளும் 2024 மே மாதத்தில் உலகுக்கு எழுதிய திறந்த மடலில் இக்கவலையைத்தான் தெரிவித்தனர். எங்கள் பல்கலைக்கழகங்களை எங்கள் மண்ணிலேயே நிலைநிறுத்த உதவுங்கள் என்பதே அதன் சாரம். மேற்குக் கரையிலுள்ள பீர்சைட், அந்நஜாஹ் ஆகிய பல்கலைக்கழகங்கள் காசா மாணவர்களைத் தம் வகுப்புகளில் விருந்தினராய்ச் சேர்த்து, இணையவழிப் பாடம் நடத்தின. கூடாரத்துக்குள் கைப்பேசியை ஏந்தி, மின்னூட்டம் தீருமுன் பாடங் கேட்டோர் அப்பிள்ளைகள்.

எம் கருத்து, இரண்டும் வேண்டும் என்பது. சென்றவர் திரும்பார் என்பதும் உண்மையன்று. யாழ்ப்பாணத்து மருத்துவர் ராஜினி திராணகம இங்கிலாந்தின் லிவர்பூலில் உதவித்தொகை பெற்று உடற்கூற்றியலில் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே தங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிரார். 1986-இல் போர் நடுவே யாழ்ப்பாணம் திரும்பி, பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறையை நடத்தினார். 1987 அக்டோபரில் அவ்வளாகமே போர்க்களமாயிற்று. ஆசிரியர் பலர் வெளியேறிய அந்நாளில் வகுப்பை நிறுத்தாதவர் அவர். எத்தரப்பார் செய்த கொடுமையையும் மறைக்காமல் எழுதிவைத்தார். 1989 செப்டம்பர் 21-ஆம் நாள் மாலை, மிதிவண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. அவர் திரும்பி வந்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எமக்கு நாவெழவில்லை.

இனி, நம்மால் ஆவது யாது? கனடா நாட்டில் 1978 முதல் ஒரு முறை நடக்கிறது. உலகப் பல்கலைக்கழகச் சேவை என்னும் அமைப்பின் துணையோடு, கல்லூரி மாணவர்கள் தமக்குள் வாக்கெடுத்து, தம் கட்டணத்தோடு ஆளுக்குச் சில டாலர் கூட்டிச் செலுத்துகின்றனர். பத்தாயிரம் மாணவர் சிறு சிறு தொகை தந்தால், உலகின் எங்கோ ஒரு முகாமில் இருக்கும் ஒருவர் வந்து அக்கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம். வந்திறங்கும் நாளில் வானூர்தி நிலையத்துக்குச் சென்று அழைத்து வருவோரும், குளிர்கால உடை வாங்க அழைத்துச் செல்வோரும் மாணவரே. ஒரு செல்வர் ஒரே நாளில் கொடுக்கும் பெருந்தொகையைவிட இம்முறையே எமக்குப் பிடித்திருக்கிறது. செல்வர் மனம் மாறினால் அடுத்த ஆண்டு நின்றுபோகும். ஆயிரம் பேர் மனம் ஒரே நாளில் மாறாது.

நம் சங்கம் சிறியது. காசா மாணவரை இலண்டனுக்கு அனுப்ப நம்மால் ஆகாது. முகாம்ப் பிள்ளை ஒருவரின் நான்காண்டுக் கட்டணம் முழுவதையும் ஏற்பதும் இப்போது ஆகாது. ஆனால் படிப்பைப் பாதியில் நிறுத்துவது எப்போதும் பெருந்தொகைதானா? அலுவலக மேசையிலிருந்து பார்ப்போர்க்குத் தெரியும். விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ்ப் படி, முகவரி மாற்றம், கல்லூரி விடுதியில் தங்கத் தனி வட்டாட்சியரிடம் பெறவேண்டிய இசைவு, தணிக்கை நாளில் முகாமுக்கு ஓடிவர வண்டிக் கட்டணம் இவையே பலரை வீழ்த்துகின்றன. ஐந்நூறு ரூபாய்க்கும் ஒரு கையொப்பத்துக்கும் வழியின்றி ஓராண்டு வீணாகிறது.

செயற்குழுவில் இதனை முன்வைத்தபோது மறுப்பும் எழுந்தது. அதனை மூடிவைக்க வேண்டியதில்லை. நம் உறுப்பினர் பிள்ளைகளுக்கே பரிசுத்தொகை போதவில்லை, எல்லைக்கு அப்பாலுள்ளவர்க்கு நாம் ஏன் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைப்பவர் அவர். அவருக்கு யாம் சொன்ன விடையை இங்கும் சொல்கிறோம். பரிசுத்தொகையில் ஒரு காசும் குறைக்க வேண்டா. ஆண்டு விழாவுக்கு நாம் போடும் அலங்கார வளைவையும், பொன்னாடைகளையும் குறைத்துக்கொள்வோம். ஒருவர்க்கொருவர் பொன்னாடை போர்த்திப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ஆடைகளை விரித்தால், இத்திருப்புறம் ஊரையே போர்த்தலாம்! (சிரிப்பு) சிரிக்கின்றீர்கள், எம் வீட்டிலும் மூன்று இருக்கின்றன.

ஆதலின் இரண்டு வேண்டுகோள். முதலாவது, விழாச் செலவில் மிச்சம் பிடிக்கும் தொகையோடு, விரும்பும் உறுப்பினர் திங்களுக்கு ஐம்பது ரூபாய் வீதம் சேர்த்து ஒரு கல்விக் கணக்குத் தொடங்குவது. முதலாண்டில் கோழிவிளை, ஞாறான்விளை முகாம்களில் கல்லூரி சேரும் பிள்ளைகளின் விண்ணப்பம், படி, பயணம் ஆகிய சில்லறைச் செலவுகளுக்கு மட்டும் அதனைப் பயன்படுத்துவது. முகாம் அலுவலரின் இசைவு பெற்று, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அங்குள்ள ஆசிரியர் வழியாகவே கொடுப்பது. படம் எடுத்துப் போடுவதில்லை என்பதை இப்போதே முடிவு செய்துவிடுவோம். வாங்குபவன் நாணினால் அடுத்த ஆண்டு வரமாட்டான்.

இரண்டாவது, பணமில்லாதவரும் செய்யத்தக்கது. படிவம் நிரப்பத் தெரிந்தவர் நம் சங்கத்தில் பலர். வட்டாட்சியர் அலுவலகத்தில் பணி செய்து ஓய்வு பெற்றோர் இருவர் உளர். திங்களில் ஒரு ஞாயிறு களியக்காவிளையில் அமர்ந்து, வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்போம். இருப்புப்பாதையில் மாணவர்க்குரிய கட்டணச் சலுகையில் அவர்க்கு எது பொருந்தும், எந்தச் சான்று வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை யாம் ஏற்கிறோம். எம் மேசையில் நாள்தோறும் செய்வதே அது.

இவ்விரண்டையும் பொதுக்குழு இன்று மாலை நான்கு மணிக்கு ஆராயும். மறுக்க விரும்புவோரும் தவறாது வாருங்கள். உங்கள் ஐயங்களைக் கேட்ட பிறகே வாக்கெடுப்பு. பொருளாளர் தனிப் பேரேடு ஒன்று தைத்துக் கொணர்ந்திருக்கிறார். காலையிலேயே அதில் ஐந்து பெயர் ஏறியிருக்கின்றன. மறுப்புக் கூறிய அம்மூத்த உறுப்பினரின் பெயர் நான்காவது. உணவுப் பந்தலின் வாயிலில் பொருளாளர் அமர்ந்திருப்பார்.